அழித்த பக்கம்

இரவு பதினொன்றரை மணி. எண்ணூர் விரைவுச் சாலை. கண்டெய்னர் லாரிகள் ஸ்டிரைக், அதனால் சாலையில் ஈ காக்காய் இல்லை... என் தோஸ்து தாமோதரனின் மச்சான் வெற்றி, மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு ஜெராக்ஸ் மிஷினைக் கட்டிக்கொண்டு தனியாக வருகிறான். 2005ஆம் வருஷம். லைட்டை அணைக்காதீர்கள், இருக்கட்டும்.

வெற்றி ஜெராக்ஸ் மெக்கானிக். திருவொற்றியூரில் ஒரு கம்பெனி தன் பழைய மிஷினை அவன் தலையில் கட்டியது. அந்த மாதிரி மிஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் உண்டு. மேலே வைத்து எடுத்த காகிதமெல்லாம் உள்ளே பதிந்து கிடக்கும். பல ஆபீஸ்காரர்களுக்கு இது தெரியாது. இந்த மேனேஜருக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத் தூக்கினு போ" என்றார்.

வெற்றி சும்மா அழித்தானா? ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தான். கேட் ரிஜிஸ்டர். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி. லட்சுமணன் என்று கையெழுத்து.

லட்சுமணன் அவன் தெருக்காரர். அந்த ராத்திரி இதே கம்பெனியில் ஷிப்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவர் வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி கோர்ட்டில் சாதித்தது. ரிஜிஸ்டர் தொலைந்துவிட்டதாம். அவர் மனைவி கெங்கம்மா வாய்தாவுக்கு வாய்தா வெற்றியிடம்தான் மனு ஜெராக்ஸ் எடுப்பாள். அவளுக்கு வேண்டியது இந்த ஒரே பக்கம். பட்டனைத் தட்டினால் போதும், அச்சாகி வந்துவிடும்... பின்னாலேயே மேனேஜர் நின்றார். மாசா மாசம் சர்வீஸ் வேலை கொடுக்கிற இடம். வெற்றி அழித்துவிட்டான். நானாக இருந்தாலும் அழித்திருப்பேனோ என்னவோ.

சரி, சாலைக்கு வாருங்கள். பின்னால் ஏதோ சுற்றுகிற சத்தம். ட்ர்ர்ர்... வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. பிளக் ஒயர் சுருட்டியபடியே மிஷின் மேல் கிடக்கிறது. மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம், மெதுவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு... சூடான டோனர் வாடை. சடக். ஒரு தாள் வந்து விழுந்தது.

தொட்டான். சுட்டது. லட்சுமணன் கையெழுத்து.

பயத்தைவிட அவமானம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. நேராகப் போய் கெங்கம்மா கதவைத் தட்டினான்.

"அக்கா... இத்த நான் அழிச்சிட்டேன்கா. என்னை மன்னிச்சிரு. ஆனா தானா வந்துகீது."

அவள் தாளை டியூப்லைட்டில் பிடித்தாள். கையெழுத்தை விரலால் தடவினாள். விரல் மேலே போய் நின்றது.

"இன்னாடா இது... இன்னிக்குத் தேதி போட்டுக்கீது?"

உள்ளே போன நேரம், ராத்திரி பத்து மணி. வெளியே வந்த நேரம், காலி.

இந்தத் தாள் எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. வெற்றிக்கு அப்போதுதான் அழுகை முட்டியது. கெங்கம்மா அழவில்லை. தூக்குப் பாத்திரத்தில் சோற்றைப் போட்டு மூடினாள்.

"கம்பெனி கேட்டாண்ட போறேன். பசியோட இருப்பாரு."

அவன் தடுத்தும் கேட்கவில்லை. காலை ஷிப்ட் சங்கு ஊதிய பிறகுதான் திரும்பினாள். அதுவரை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்த வெற்றி தூக்கை வாங்கித் திறந்தான். ஒரு பருக்கை இல்லை.

"நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு கேட்டாருடா" என்றாள் கெங்கம்மா.