கீபோர்டு இல்லாத பொட்டி

பேயின்னா ராத்திரிதான் வரும்னு எவண்டா சொன்னான்? இது பட்டப்பகல்ல நடந்தது. உச்சி நேரம்... நார்த்தாமலைலேருந்து கீரனூர் வர்ற ரோட்டுல ஈ காக்கா கெடையாது. நம்ம முத்துராமனோட தாய்மாமன் ஆண்டியப்பன், மொபெட்டுல கம்ப்யூட்டர் பொட்டியக் கட்டிக்கிட்டு வாராரு. பொட்டி, செத்துப்போன தேவிப்ரியா வீட்டுது.

பழைய கம்ப்யூட்டர் விக்கிறவரு அவரு. அந்தப் பொட்டியும் அவரு வித்ததுதான். அந்தப் புள்ள வீட்டுச் சுவத்துல பிளக்கு சொருக ரெண்டு ஓட்டைதான். இவரு கொண்டுபோன வயர்ல மூணு பின்னு. "எர்த்து என்னத்துக்கு? ஓடுனாச் சரி"ன்னு கசியுற கரண்டை மண்ணுக்கு எறக்குற அந்தத் தடிச்ச பின்னைக் கொறட்டால ஒடைச்சு மாட்டிட்டாரு. பத்தாம் நாளு பொட்டியத் தொட்ட புள்ள... தூக்கி அடிச்சு, அங்கயே உசுரு போச்சு. படுபாவி என்ன சொன்னாரு தெரியுமா? "ஈரக் கையோட தொட்டிருக்கு. அது மேலதான் தப்பு." பெத்த ஆத்தாளே நம்பிட்டா. ஒடைஞ்ச பின்னை யாரும் பாக்குறதுக்குள்ள பொட்டிய அள்ளிக்கிட்டு வந்துட்டாரு.

கடைக்குள்ள வந்து ஷட்டரைப் பாதி எறக்குனாரு. வயரை மாத்தி, மானிட்டரை மட்டும் சொருகி, சுவிட்சைப் போட்டாரு. பொட்டி முழிச்சதும் மொதல்ல தன் சாமானெல்லாம் இருக்கான்னு அதுவே பாக்கும்... வாத்தியாரு ஆஜர் எடுக்குற மாதிரி. மெமரி, டிஸ்க்கு, கீபோர்டு. எல்லாம் இருந்தா ஒரே ஒரு பீப். இல்லாட்டி, இன்னது இல்லைன்னு நின்னுரும்.

பீப்.

கீபோர்டு இருக்குன்னு எழுத்து வருது. மாட்டவே இல்லையே! டிஸ்க்கைக் கழட்டுனாரு. பீப்... இருக்கு. மெமரியப் புடுங்குனாரு. அது இல்லாம ஸ்கிரீன்ல ஒரு புள்ளி வரக் கூடாது. பீப்... இருக்கு. கருகுன முடி வாடை. பிளக்கையே உருவி எறிஞ்சாரு. உள்ள ஃபேன் நிக்கலை... விர்ர்ருன்னு சுத்துது.

அப்பறம் தட்டுற சத்தம். டக்... டக்... ஸ்கிரீன்ல ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு.

"எங் கை காஞ்சுதான் இருந்துச்சு. ஒங் கையப் பாரு."

பாத்தாரு. உள்ளங்கையில தண்ணி ஊறுது.

ஓடிப்போயி அந்த ஆத்தா கால்ல விழுந்து உண்மையச் சொன்னாரு. அவ கதவைச் சாத்திக்கிட்டா. தண்ணியும் நிக்கலை. தொடைக்கத் தொடைக்க ஊறுது. சுவிட்சுக்கிட்ட போனாலே நீலமா பொறி பறக்குது. ரெண்டு தடவை தூக்கி அடிச்சிருச்சு. சாகவும் விடலை.

போன வாரம் காதுகுத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. பாவமா இருந்துச்சு, நானும் விடலை... அன்னையிலேருந்து கை தொடைக்க நாலு துண்டு மாத்திட்டேன்.

எவனாச்சும் எந்திரிச்சு அந்த லைட்டைப் போடுங்கடா. நான் தொட மாட்டேன்.