அணைத்த அடுப்புகளின் எரிவாயு யாருக்கு?

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, எரிவாயு அலுவலகத்தின் துணை மேலாளர் மொஸாத்தெக் சாகிப் அவர்களே, யூரியா ஆலைத் தொழிலாளர்களே, நாற்று நட்ட சேறு காலில் காயும் முன்னே வந்திருக்கும் விவசாயிகளே, இந்த ஊரின் பெண்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும், மறைந்த நம் இஞ்சினியரின் மனைவி ஷிரீன், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். எரிவாயு அலுவலகத்தார் ஏறும் மேடையில் ஜீனத் மஹ்மூதா ஏறமாட்டாள் என்று நான் சொன்னதாகக் கடைத்தெருவில் பேச்சு. நான் அப்படிச் சொல்லவில்லை. யார் வருகிறார், அவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா என்று கேட்டேன். அவ்வளவுதான். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னால் இந்த வயதிலும் பொறுக்கமாட்டேன். அதிகாரம் உண்டு என்று பதில் வந்தது. ஏறிவிட்டேன்.

இஞ்சினியர் ஷம்ஸுத்தோஹா போய்விட்டார். எனக்கு முன் பேசியவர்கள் அவரை விளக்கு என்றார்கள், மலை என்றார்கள். கேட்டிருந்தால் சிரித்திருப்பார். உலையைக் காத்த மனிதர் என்று சொன்னால் போதும். என் கணவர் அந்த ஆலையில் வேதியியலாளராக இருந்த நாளிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். உர ஆலை எரிவாயுப் பாதுகாப்புக் குழுவில் நான் தலைவி, அவர் செயலாளர். அதாவது, நான் நாற்காலியில் இருந்தேன்; அவர் நடந்தார்.

ஒவ்வொரு பனிக்காலத்திலும் என்ன நடக்கிறது? குழாயில் அழுத்தம் குறைகிறது. முதலில் யாருக்கு நிறுத்துகிறார்கள்? உர ஆலைக்கு. எப்போது? பனியில் நட்டுக் கோடையில் அறுக்கும் போரோ நெல் வயலில் இறங்கும் நேரம் பார்த்து. அப்படி ஓர் ஆண்டு, பத்து நாள் மட்டும் நிறுத்துகிறோம் என்று தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "பத்து நாள்தானே? அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்" என்றார்.

"சார், இது என்ன மின்விசிறியா, பட்டனத் தட்டி நிறுத்தி, தட்டி ஓட்ட?" என்று கேட்டார் ஷம்ஸுத்தோஹா. "உலை ஆறிப்போனா உள்ள இருக்கிற குழாய் விரிசல் விடும். மறுபடி சூடேத்தவே நாள் கணக்கா எரிவாயு எரியணும். அதுல ஒரு பிடி யூரியா கூட வராது. எங்களுக்கு எரிவாயு விறகு மட்டும் இல்ல சார், மாவும் அதுதான். அதிலிருந்துதான் உரமே வருது."

அதிகாரி தலையாட்டினார். தேநீர் குடித்தார். நிறுத்திவிட்டுப் போனார். அந்த ஆண்டு இரண்டாம் தவணை உரம் வந்தபோது நெல் கதிர் விட்டிருந்தது. அதற்குப் பிறகு யூரியாவைப் போட்டு என்ன பயன்?

அதன் பிறகுதான் அவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். ஆலைக்குப் போகும் அதே குழாயில் எரிவாயு வரும் நம் வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. மாதத்துக்கு ஒரே கட்டணம். எரித்தாலும் அதே, அணைத்தாலும் அதே. ஆகவே ஒரு தீக்குச்சியை மிச்சம் பிடிக்க நாள் முழுவதும் அடுப்பை எரியவிடுகிற ஊர் இது. பை நிறையத் தீப்பெட்டிகளோடு அவர் வீடு வீடாகப் போனார். முதல் நாள் நானும் கூடப் போனேன். முதல் வீடு ஜாஹேதா பேகம் வீடு. அவர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்; நான் தவறாகச் சொன்னால் திருத்தட்டும்.

"என்ன காலாம்மா, அடுப்பு சும்மா எரியுது?"

"சும்மாவா எரியுது? பேரனோட பள்ளிக்கூடச் சட்டை காயுதே, கண்ணு தெரியலையா?"

"வெளிய வெயில் அடிக்குதே."

"வெயில்ல போட்டா காக்கா எச்சம் போடும். நீயா வந்து துவைப்ப? அணைச்சுட்டா, திரும்பப் பத்த வைக்கத் தீக்குச்சி உங்க ஆலை தருமா?"

"ஆலை தராது. நான் தரேன்." தீப்பெட்டியை அடுப்படியில் வைத்தார்.

ஜாஹேதா பேகம் சிரித்துவிட்டு அணைத்தார். ஒரு வாரத்தில் 'தீப்பெட்டி இஞ்சினியர்' என்று ஊரே அழைத்தது. வருத்தமா என்று கேட்டேன். "பேர் வச்சுட்டாங்கன்னா அணைக்க மறக்க மாட்டாங்க, ஆபா" என்றார்.

பெண்களே, நீங்கள் அணைத்தீர்கள். அழுத்தம் ஏறியது. அளவுமானியில் முள் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, ஜிலேபிப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார். மிச்சமானதை ஆலைக்குத் திருப்புங்கள் என்று எரிவாயு அலுவலகத்துக்கு எழுதினோம். என்ன கிடைத்தது? நெடுஞ்சாலை ஓரத்துத் தரை ஓட்டுத் தொழிற்சாலைக்குப் புதிய இணைப்பு கிடைத்தது. நேரில் போய்க் கேட்டதற்கு அங்கே சொன்ன விளக்கம்: "அழுத்தம் இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க?"

அன்று சாயங்காலம் ஜாஹேதா பேகம் தீப்பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "யாரோ வீட்டுத் தரை பளபளக்கவா நான் ஈரச் சட்டையோட பேரனப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்? மிச்சம் பிடிச்சது வயலுக்குத்தான் போகும்னு அவங்க கிட்ட எழுதி வாங்கிட்டு வா, இஞ்சினியர் சாகிப். அப்புறம் அடுப்படிக்குள்ள வா."

அந்தப் பெண் கேட்டதில் என்ன தவறு?

அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த நாளெல்லாம் அந்த ஒரு வரிக்காக அலைந்தார். எரிவாயு அலுவலகத்து மரப்பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்காதவர் அங்கே உண்டா? கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். கோப்பு கீழே வருகிறது என்றார்கள். நெஞ்சுவலி வந்து படுத்த அன்றும் ஷிரீனிடம், "நாளைக்குக் கையெழுத்து ஆயிடும்" என்றாராம்.

மொஸாத்தெக் சாகிப், பெரிய மலர்வளையம் கொண்டு வந்தீர்கள். நன்றி. ஆலையின் வாயிலுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றும் சொன்னீர்கள். இந்தப் பனிக்காலமும் எரிவாயு இல்லாமல் மூடிக் கிடக்கும் ஆலைக்கு வாயில் எதற்கு? அவர் உங்களிடம் பூவும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

அவருடைய தீப்பெட்டிப் பை இப்போது என்னிடம் இருக்கிறது. ஷிரீன் கொடுத்தாள். நாளை முதல் நான் போகிறேன். "இந்த முழங்காலோடயா அம்மா?" என்கிறாள் என் மருமகள். இந்த முழங்காலோடுதான். ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுவேன். ஆனால் முதல் வீட்டில் என்னிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

கேள்வி இதுதான். இந்த ஊர் அணைக்கும் அடுப்புகளின் எரிவாயு, போரோ அறுவடை வரை, உர ஆலைக்கு மட்டும் போகுமா? நாற்று வயலில் நிற்கிறது. ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, மேடையில் வாயால் சொல்ல வேண்டாம். தயவுசெய்து உங்கள் பதிலை எழுத்தில், கையெழுத்திட்டுத் தாருங்கள்.