சுவர்ப் பாசியில் ஒரு கரடி

அண்ணன்: இதுக்குத்தானா கடையைப் பூட்டிட்டு ஓடி வரச் சொன்னே?

தங்கை: மேஜையில சாயாதேண்ணா. ஆடுது.

அண்ணன்: என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். அச்சு மிஷினைப் பாதியில நிறுத்திட்டு வந்திருக்கேன், தெரியுமா?

தங்கை: ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதுக்குள்ள பாரு.

அண்ணன்: ஒண்ணும் தெரியலையே. ஒரே இருட்டு.

தங்கை: பாக்குற கண்ணை மூடினா அப்படித்தான் இருக்கும்.

அண்ணன்: ஹூம்... பி.காம் படிக்க அனுப்பினா பாசியைப் பொறுக்கிக்கிட்டு இருக்கே. மைக்ரோஸ்கோப்பு வேற.

தங்கை: சுற்றுச்சூழல் பாடத்துக்குண்ணா. வீட்டுல பண்ணிட்டு வரச் சொன்னாங்க.

அண்ணன்: அதைப் படிச்சு நீ கடைக் கணக்கு எழுதப் போறியாக்கும்... சரி, முறைக்காதே. பாக்குறேன். ஏதோ பச்சையா, குப்பையா...

தங்கை: அந்தத் திருகை மெதுவா திருப்பு. மெதுவா...

அண்ணன்: ஏய்.

தங்கை: என்னண்ணா?

அண்ணன்: பாப்பா... இது நடக்குது.

தங்கை: தெரிஞ்சுதா!

அண்ணன்: பேசாதே, பேசாதே... காலிருக்கு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கமும்... அட, நகம்கூட இருக்கு! குட்டிக் கரடி மாதிரியில்ல உருண்டு உருண்டு போகுது!

தங்கை: அது பேரே நீர்க்கரடிதான்.

அண்ணன்: வயித்துல என்ன பச்சையா?

தங்கை: தின்ன பாசி. உடம்பு கண்ணாடி மாதிரி. சாப்பிட்டது அப்படியே தெரியும்.

அண்ணன்: அடேயப்பா... எங்கேருந்து புடிச்சே இதை?

தங்கை: நம்ம வீட்டுலதான். வெயில் காலத்துல வெள்ளையடிக்கப் பின்பக்கச் சுவத்தைச் சுரண்டினியே? அதுல ஒரு கட்டி ஜன்னல் உள்பக்கமா விழுந்து அப்படியே கிடந்தது.

அண்ணன்: அது காய்ஞ்சு சருகாயிருக்குமே?

தங்கை: தொட்டாலே பொடியாச்சு. காலேஜ்லேருந்து வந்ததும் தண்ணி விட்டேன். அவ்வளவுதான்.

அண்ணன்: அப்போ இத்தனை மாசமும் இது...

தங்கை: காலையெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு தூசி மாதிரி சுருண்டு கிடந்திருக்கு. சோறு தண்ணி இல்லாம.

அண்ணன்: சாகலையா?

தங்கை: நானும் கிளாஸ்ல அதேதான் கேட்டேன். சாகாது, காத்துக்கிட்டு இருக்கும்னாங்க எங்க மேடம். விண்வெளிக்குக் கொண்டுபோய் வெளியில வெச்சுப் பாத்தாங்களாம். திரும்பி வந்து சிலது முட்டை போட்டிருக்கு.

அண்ணன்: கரண்டியை வெச்சு வறட்டு வறட்டுன்னு சுரண்டினேனே, பாப்பா. ஒரு ஊரையே இல்ல சுரண்டித் தள்ளியிருக்கேன்!

தங்கை: எங்க கிளாஸ்ல ஒருத்தரும் சயின்ஸ் கிடையாது. வரலாறு, இலக்கியம், பி.காம்... மொத நாளே மேடம், "உங்க வீட்டுல எத்தனை பேரு?"ன்னாங்க. நான் ரெண்டுன்னேன். "நல்லா எண்ணிப் பாத்துட்டு வா"ன்னாங்க.

அண்ணன்: தள்ளு. இன்னொரு தடவை பாக்குறேன்... அதோ, இன்னொண்ணு வருது. ரெண்டும் மோதிக்கப் போகுது... இல்ல, ஒதுங்கிடுச்சு. யப்பா...

தங்கை: உன் மிஷின்?

அண்ணன்: கிடக்கட்டும். பாப்பா... ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

தங்கை: சொல்லு.

அண்ணன்: காலையில உங்க மேடத்துக்குப் போன் பண்ணினேன். இந்தப் பாடம் வேணாம், காலையிலேயே முடியற வேற பாடத்துல போடுங்கன்னுட்டேன். மத்தியானம் நீ கடையைப் பாத்துக்கலாமேன்னு... உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நாளைக்கே அவங்ககிட்ட பேசி, உன் பேரைத் திரும்பச் சேக்கச் சொல்றேன். மத்தியானம் நானே சமாளிச்சுக்கறேன்.

தங்கை: பேச வேணாம்ணா. மேடம் என் பேரை எடுக்கவே இல்ல. "உங்க அண்ணனுக்கு ஒரு தடவை காட்டிட்டு, அப்புறம் வேணுமா வேணாமான்னு கேளு"ன்னு சொல்லித்தான் இந்த மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்தனுப்பினாங்க.