விரல் படித்த கடிதம்

— பெய்யுன், கடுதாசியைக் கீழ வை. மிங்யா எழுதினதை நேத்தே படிச்சுக் காட்டிட்டேனே.

— நீங்க படிச்சீங்க, நான் கேட்டேன். முப்பது வருசம் அச்சாபீஸ்ல சீன எழுத்துல பிழை திருத்தினவ, பெத்த பொண்ணோட எழுத்தைக் காதாலயா படிக்கணும்?

— டாக்டர் என்ன சொன்னாரு? மூளையில ரத்தம் கட்டினதுல எழுத்தை அடையாளம் காணுற இடம் போயிடுச்சு. எழுத வரும், படிக்க வராது. மூணு மாசமாப் பாக்குறோமே.

— இந்தக் கடைசி எழுத்து, பாத்தா கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. இருங்க, விரலை அது மேலயே ஓட்டிப் பாக்குறேன். உச்சியில ஒரு புள்ளி... ரெண்டு பக்கமும் இறங்குது...

— கண்ணை ஏன் மூடுற?

— கண்ணுதாங்க குழப்புது. இது கூரை! கூரைக்கு அடியில வளைஞ்ச முதுகு, காலு காலா... பன்னி! கூரைக்கடியில பன்னியைப் போட்டா நம்ம எழுத்துல வீடுதானே. ஏங்க, ‘வீடு’ன்னு எழுதியிருக்கா!

— அடேயப்பா! மேலெல்லாம் புல்லரிக்குது. கண்ணு தொலைச்சதைக் கை எங்கடி ஒளிச்சு வச்சிருந்துது?

— ஆறு வயசுல ஒவ்வொரு எழுத்தையும் நூறு தடவை எழுத வச்சாங்கல்ல? எந்தக் கோடு முதல்ல, எது அப்புறம்னு. கை வலிக்குதுன்னு எப்படி அழுதிருப்பேன்! அந்தக் கைதாங்க இப்ப எனக்குப் படிச்சுக் காட்டுது.

— சரி, போதும். களைச்சுடுவ. வா, கொழுக்கட்டைக்கு மாவு பிசையலாம்.

— நீங்க பிசைஞ்சா களி ஆயிடும். இருங்க. இதுக்கு முன்னாடி இருக்கிறது பெட்டி, உள்ள ஒரு குட்டிப் பெட்டி, கடைசியா அடிக்கோடு போட்டு மூடணும். ‘திரும்பி வர்றது’! புத்தாண்டு வசந்த விழாவுக்கு வீடு திரும்புறேன்னு நீங்க படிச்சீங்களே, அதேதான்.

— அதேதானே? அப்பக் குடு, மடிச்சு வைக்கிறேன்.

— கையை எடுங்க. இதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. படுத்த கோடு... இடப்பக்கம் சாய்ஞ்சது... நேரா இறங்கினது... வலப்பக்கம் ஒரு புள்ளி. நாலே நாலு கோடு.

— பெய்யுன்...

— ‘இல்ல’ங்கிற இந்த ஒரு எழுத்தை நீங்க படிக்காம விட்டுட்டீங்க.

— உனக்கு உடம்பு தேறட்டுமேன்னுதான்...

— அழாதீங்க. ‘வரல’ன்னுதான் எழுதியிருக்கா. ஆனா அதை நானே படிச்சேங்க.