கூட்டம் கூடும்வரை காத்திருந்த இடம்

கல்விக்கூடங்களின் கதவைத் தட்டித் தட்டியே கை காய்த்துப்போன கருணை நிறை அம்மையீர்! ஸ்காபரோவில் எங்கள் மாணவர் வழிகாட்டல் நிலையத்தின் அச்சாணியே! இன்று பணி நிறைவு காணும் திருமதி யோகமலர் இரத்தினவேல் அவர்களே! வணக்கம்.

ரொறன்ரோவின் பார்க்டேலில் அகதிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வழி காட்டத் தொடங்கிய தங்கள் பணி, பின்னர் பிரேசில்வரை நீண்டது. அடிமைத்தளை அறுத்துக் காடு புகுந்த ஆபிரிக்க மக்களின் வழிவந்தோர் வாழும் கிராமங்கள் அங்கே உண்டு, கிலோம்போ என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிப்பின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு, ரொறன்ரோப் பல்கலைக்கழகமொன்றில் ஆண்டுக்கோர் இடம் வாதாடிப் பெற்றவர் தாங்கள். வாதாடும்போது தங்கள் குரல் பக்கத்துப் பிளாசாக் கடைகள்வரை கேட்கும் என்பதையும் பணிவோடு பதிவு செய்கிறோம்.

அந்த முதலாவது இடம் கைநழுவ இருந்த கதையைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் நிறைவுறாது. கிலோம்போ ஒன்றைச் சேர்ந்த கிறிஸ்ரினா தெரிவானார். சம்மதம் கேட்டு எழுதினோம், பதிலே இல்லை. பதிலுக்கான தவணையும் கடந்தது. இடம் வேறொருவருக்குப் போனால் அவ்வூர்களுக்கென்று திறந்த வழியே அடைபட்டுவிடும். எங்கள் முகாமையாளர் ராஜீவ் பொறுமையிழந்தார்.

"பொண்ணுக்கு இஷ்டமில்ல போல மேடம். சீட்டை விட்டுடலாம்."

"உது மறுப்பில்லைத் தம்பி. அவையின்ர ஊர்க்கூட்டம் இன்னும் கூடேல்லை. எங்கட கோயில் நிர்வாகசபை ஒரு கம்பளம் வாங்கவே எத்தினை கூட்டம் வைக்குது? இது ஒரு பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிற விசயமெல்லோ," என்றீர்கள் தாங்கள்.

ராஜீவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயினும் தாங்கள் பல்கலைக்கழகத்தாரிடம் மன்றாடி அந்த இடத்தைப் பிடித்து வைத்தீர்கள். அங்கே ஆற்று வெள்ளம் வடிந்து, அக்கரை வீட்டாரும் வந்து சேர்ந்த பிறகே ஊர் கூடியது. பதில் ஒலிப்பதிவாக வந்தது. ஊரே சேர்ந்து சம்மதம் சொன்னது. ராஜீவ் அதை இன்னொரு தரம் போடச் சொன்னார். மகிழ்ச்சியில் அன்று எங்களில் எவருக்கும் வேலை ஓடவில்லை.

அந்தக் கிறிஸ்ரினா பட்டம் பெற்று, இன்று எங்களோடு பணியாற்றுகிறார். தங்கள் யாழ்ப்பாணத் தமிழும் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்மையீர்! வாரம் ஒருநாளாவது ஆலோசகராக வாருங்கள் என்று கேட்டோம். சிரித்தீர்கள், பதில் சொல்லவில்லை. "இனிமே வர மாட்டாங்க போல," என்று ராஜீவ் வாடிப்போனார்.

கிறிஸ்ரினா விடவில்லை. "உது மறுப்பில்லை அண்ணை. மேடத்தின்ர வீட்டில இன்னும் கூட்டம் கூடேல்லை."

நோய் நொடியின்றி, நிறை மகிழ்வோடு, நெடுங்காலம் வாழ்க! வீட்டார் ஆறுதலாகவே கூடட்டும். அதுவரை தங்கள் கதிரையை ஒருவருக்கும் கொடுக்கமாட்டோம்.

தங்கள் அன்பில் நனைந்த
நிலையப் பணியாளர்கள்,
ஸ்காபரோ.