கழற்றிய எர்த் ஒயர்

ரப்பர் செருப்பு நல்ல பொருள், இன்ஸ்பெக்டர் ஐயா. மின்சாரம் அதைத் தாண்டி அவ்வளவு சுலபமாகப் போகாது. கீழே லாண்டரி வைத்திருந்த அக்காவுக்கு ஒரு ஜோடி நானே வாங்கிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வயரிங் வேலை. மாடியில் நானும் மகளும். அவளுக்கு நுரையீரல் சரியில்லை. கரண்டில் ஓடும் மிஷின்தான் மூச்சுக்குத் துணை. கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே ஃப்யூஸ். அக்காவின் துணி துவைக்கும் மிஷினுக்குள் ஒரு ஒயரின் உறை தேய்ந்து, கரண்ட் இரும்பு உடம்பைத் தொட்டது. அப்படித் தொட்டால் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்கு ஓடும், ஃப்யூஸ் போகும், ஆள் பிழைக்கும். ஆனால் மேலே மூச்சு மிஷினும் நின்று மகளின் உதடு நீலமாகும். ஃப்யூஸைக் கட்டிவிட்டு மாடிக்கு ஓடி, உதடு சிவக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

“ரிப்பேர் பண்ணுக்கா” என்று கெஞ்சினேன்.

“மெக்கானிக் இழுத்தடிக்கிறான்ப்பா. மிஷினுக்கும் என்னை மாதிரி வயசாச்சு, சும்மா சும்மா கோபம் வருது” என்று சிரித்தாள்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றினேன். அப்புறம் ஃப்யூஸ் போகவில்லை. கரண்ட் மிஷின் உடம்பிலேயே நின்றது. சொன்னால் திரும்ப மாட்டச் சொல்வாள் என்று சொல்லவில்லை. தரை வழுக்கும் என்று சொல்லிச் செருப்பைக் கொடுத்தேன்.

“கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்” என்றாள்.

மாடிக்குத் தனி லைன் இழுத்திருக்கலாமே என்பீர்கள். இழுக்கத்தான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. மகள் நிம்மதியாகத் தூங்கினாள், எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று அக்கா செருப்பைக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள். அலறல் கேட்டு இறங்கினேன். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள், கை மிஷினோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில். அணைத்தால் மேலே மகளின் மிஷினும் நிற்கும். சுவிட்சில் கையை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

மகள் உயிருக்காகத்தான் அக்காவைச் சாகவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லத்தான் வந்தேன். ஆனால் மூச்சு மிஷின் கொஞ்ச நேரம் நின்றாலும் மகள் தாங்கிக்கொள்வாள், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார். அந்த நீல உதட்டை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.