ஸ்பிரிட் அறையின் பின்கதவு

கோடரியை அப்படிப் பிடித்தால் உள்ளங்கை பிய்ந்துவிடும் என்று தெரிந்தேதான் அந்த இரும்புக் கதவை அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவியின் தம்பி. கதவிடுக்கில் புகை. என் முதுகுக்குப் பின்னால் அச்சகமே திரண்டு நின்றது. இதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள், சார். நான் சொல்ல வந்தது மிச்சத்தை.

மெஷின் ரோலர்களைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குகிறோம். ஆட்கள் வாயில் அது வெறும் ஸ்பிரிட். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆவி மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படரும். ஒரு பொறி போதும். பாதுகாப்பு அதிகாரியாக நான் கேட்டதெல்லாம் சின்ன விஷயங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மூடியை மூடுங்கள். டிரம்மிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது எர்த் கம்பியின் கிளிப்பை மாட்டுங்கள்; ஊற்றும்போது சேரும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும்.

ஃபேன் போட்டால் பாட்டு கேட்கவில்லையாம். கிளிப்பில் மச்சினன் தன் கையுறையைக் காயப்போட்டிருந்தான்.

"ஏன்டா, தொண்டை கிழியச் சொல்றேனே, காதுல விழலையா?"

"மாமா, நீங்க பேசுற சூட்டுக்கே இந்நேரம் பத்தியிருக்கணும். பத்தலையே."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும்தான்.

"அக்கா புருஷன்கிற மரியாதையாவது வேண்டாமா?"

"அது வீட்ல மாமா. இங்க நீங்க நோட்டீஸ் ஒட்டுற ஆளு."

அந்த அறையின் பின்கதவு அவசர வழி. அதைச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்து, வாசலிலேயே நின்று சிகரெட் பிடித்தார்கள். இரண்டடி உள்ளே டிரம்கள். சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துவிட்டது.

அன்று அவன் கிளிப் மாட்டாமலே ஊற்றினான். பற்றிக்கொண்டது. முன்பக்கம் முழுக்க நெருப்பு. பின்கதவுக்கு ஓடி வந்து தட்டினான்.

"மாமா, திறக்க மாட்டேங்குது மாமா. ஏதாச்சும் பண்ணுங்க மாமா."

அவன் என்னிடம் அத்தனை மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சூட்டில் கதவு இறுகிவிட்டது என்று கூட்டமே முடிவு கட்டியது. நான் மறுக்கவில்லை. "தம்பிக்காக உங்க கையையே பாழாக்கிக்கிட்டீங்களே" என்று என் மனைவி மருந்து போடும்போதெல்லாம் அழுகிறாள். அச்சகத்தில் இப்போது ஃபேன் ஓடுகிறது. கிளிப் மாட்டாமல் ஒருவனும் ஊற்றுவதில்லை. என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

சிகரெட்டுக்குப் பயந்து அன்று காலை அந்தக் கதவின் உள்பூட்டைப் பூட்டியது நான். அதுவும் அவர்கள் பாதுகாப்புக்காகத்தான். அத்தனை பேர் முன்னால் திறந்திருந்தால், பூட்டியவன் யார் என்று தெரிந்திருக்கும். அதற்கப்புறம் என் பேச்சை எவன் மதிப்பான், சொல்லுங்கள். அதனால்தான் கோடரி. அவன் தட்டுவது நிற்கும்வரை சாவி என் சட்டைப்பையில் இருந்தது.